பழைய கன்ட்ரோலரை ஆர்கேட் ஸ்டிக்காக மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்கேட் ஸ்டிக் என்பது என்ன? கன்ட்ரோலரிலிருந்து அதை எப்படிச் செய்ய முடியும்?

மடியில் வைத்துக்கொள்ளும் அளவுக்கு ஒரு பெட்டி. இடப்பக்கம் ஒரு லீவர், வலப்பக்கம் ஆறு அல்லது எட்டுப் பெரிய பட்டன்கள். ஆர்கேட் என்பது காசு போட்டு விளையாடும் இயந்திரங்கள் உள்ள கூடம். 1991-இல் அங்கே வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 என்ற சண்டை விளையாட்டு இயந்திரத்தில் மூன்று குத்து, மூன்று உதை என்று ஆறு பட்டன்கள் இருந்தன. இன்றுவரை சண்டை விளையாட்டுக்காரர்கள் கேட்பது ஏறக்குறைய அதே அமைப்பைத்தான்.

கன்ட்ரோலருக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகைக்கு, அதாவது போர்டுக்கு, தெரிய வேண்டியது ஒன்றுதான்: இந்த இரண்டு புள்ளிகளும் இணைந்திருக்கின்றனவா, இல்லையா? நீங்கள் பட்டனை அழுத்தும்போது, அதன் அடியில் உள்ள ரப்பரின் கரித் துண்டு போர்டில் உள்ள இரண்டு தடங்களையும் தொட்டு இணைக்கிறது. அந்த ரப்பரை எடுத்துவிட்டு, இரண்டு தடங்களிலிருந்தும் வயர் இழுத்து, பெட்டியில் உள்ள பெரிய பட்டனில் மாட்டினால் வேலை முடிந்தது. யார் இணைத்தது என்று போர்டு கேட்பதில்லை. இதைத்தான் பேட் ஹேக் என்கிறார்கள், பேட் என்றால் கன்ட்ரோலர். இதில் மின்னணுவியல் கொஞ்சம், தச்சு வேலை நிறைய.

ஸ்டிக் செய்தால் நன்றாக விளையாட வருமா?

வராது. முதல் சில வாரங்கள் இன்னும் மோசமாகத்தான் விளையாடுவீர்கள். கட்டைவிரல் செய்துவந்த வேலையை மணிக்கட்டு புதிதாகப் பழக வேண்டும். கைக்குப் பிடித்திருந்தால் செய்யுங்கள், வெற்றிக்காகச் செய்ய வேண்டாம்.

பைக்கோ போர்டில் எளிதாக முடியும் என்கிறார்களே, பிறகு எதற்குப் பேட் ஹேக்?

நியாயமான கேள்வி. கணினியில் மட்டும் விளையாடுபவர் என்றால் நானும் அதையே சொல்வேன். 2021-இல் வந்த ராஸ்பெர்ரி பை பைக்கோ என்ற சிறிய மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் ஜி.பி.2040-சி.இ. என்ற திறந்த மூல மென்பொருளை ஏற்றினால், ஒவ்வொரு பட்டனுக்கும் போர்டில் ஒரு கால் (இணைப்பு முனை), எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு கிரவுண்ட் (மின்னோட்டம் திரும்பிப் போகும் முனை) என்று வயர் மாட்டி முடித்துவிடலாம். தடத்தைச் சுரண்டும் வேலையே இல்லை. கடையில் கிடைக்கும் ஜீரோ டிலே என்கோடர் போர்டுகளில் (பட்டன் அழுத்தத்தை யூ.எஸ்.பி. தகவலாக மாற்றுபவை) உலோகத்தை உருக்கி ஒட்டும் சால்டரிங்கூட வேண்டாம், வயரைச் செருகினால் போதும். பெயரில்தான் ஜீரோ, தாமதம் கொஞ்சம் உண்டு.

பேட் ஹேக்குக்கு இன்னும் மதிப்பு இருப்பது கன்சோலில். எதிரே இருப்பது தனக்கு அனுமதியுள்ள கன்ட்ரோலர்தானா என்று புதிய கன்சோல்கள் சோதிக்கின்றன. பிளேஸ்டேஷன் 4-இல் அந்தச் சோதனையில் தேறாத கருவி சரியாக வேலை செய்வதுபோல் இருந்துவிட்டு 8 நிமிடத்தில் துண்டிக்கப்படும். அசல் கன்ட்ரோலரின் போர்டையே பெட்டிக்குள் வைத்தால் இந்தத் தொல்லை வராது. கன்சோலைப் பொறுத்தவரை அது பழைய கன்ட்ரோலர்தான். புரூக் போன்ற நிறுவனங்கள் பல கன்சோல்களோடும் பேசும் தனிப் போர்டுகளை விற்கின்றன, அது இன்னொரு வழி. ஆனால் வீட்டில் அனலாக் ஸ்டிக் (கட்டைவிரலால் சாய்க்கும் குச்சி) தேய்ந்துபோன கன்ட்ரோலர் ஒன்று சும்மா கிடக்கிறதென்றால், அதற்கு மறுபிறவி கொடுக்க இதுவே வழி.

எந்தக் கன்ட்ரோலரை எடுக்கலாம்?

வயர் உள்ளதை எடுங்கள். வயர்லெஸ் என்றால் பேட்டரிக்கு இடம் தேட வேண்டும், சார்ஜ் செய்ய வழி வேண்டும். எக்ஸ்பாக்ஸ் 360 வயர்லெஸ் கன்ட்ரோலரில் பலர் ஏமாறுவது வேறு இடத்தில்: அதன் சார்ஜிங் கேபிளில் மின்சாரம் மட்டும்தான் போகிறது, பட்டன் தகவல் போவதில்லை. கேபிள் போட்டால் வயர் கன்ட்ரோலர் ஆகிவிடும் என்று நம்பிப் பெட்டியை அடித்துவிட வேண்டாம்.

அடுத்து, பட்டன்கள் போர்டிலேயே உள்ள தடங்களைத் தொடுகின்றனவா என்று பாருங்கள். பிளேஸ்டேஷன் 3-இன் டூயல்ஷாக் 3 இந்த இடத்தில்தான் சிரமம் தரும். அதில் பட்டன்கள் தொடுவது போர்டை அல்ல, ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலத்தை. அந்தப் படலத்தைப் பஞ்சு ஒன்று போர்டோடு அழுத்திப் பிடித்திருக்கும். படலத்தில் சால்டர் வைத்தால் உருகிப்போகும். வல்லவர்கள் செய்திருக்கிறார்கள், முதல் முயற்சிக்கு அது வேண்டாம்.

என்னைக் கேட்டால், சண்டை விளையாட்டுக்கென்றே வரும், முகப்பில் ஆறு பட்டன்கள் உள்ள வயர் பேட்தான் முதல் தேர்வு. போர்டு பெரிது, தடங்கள் பெரிது, சிலவற்றில் அனலாக் ஸ்டிக்கே கிடையாது. முதல் பிளேஸ்டேஷனோடு வந்த, அனலாக் இல்லாத பேடும் அப்படியே எளிமையானது.

எதை எடுத்தாலும், திறப்பதற்கு முன் எல்லாப் பட்டன்களையும் அழுத்திச் சோதியுங்கள். ஏற்கெனவே செத்த பட்டனுக்கு உங்கள் சால்டரிங்கைக் குறை சொல்லி ஒரு ராத்திரி வீணாக வேண்டாம்.

பொது கிரவுண்ட் என்கிறார்களே, அது என்ன?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஒவ்வொரு பட்டனுக்கும் போர்டில் இரண்டு பாதித் தடங்கள். ஒன்று சிக்னல், அது அந்தப் பட்டனுக்கு மட்டும் உரியது. மற்றது எல்லாப் பட்டன்களுக்கும் பொதுவாக, யூ.எஸ்.பி. கேபிளின் கிரவுண்டோடு சேர்ந்திருந்தால் அது பொது கிரவுண்ட் போர்டு. அப்படியானால் பட்டனுக்கு ஒரு சிக்னல் வயர் போதும். எல்லாவற்றின் மறுகாலையும் ஒரே வயரால் மாலைபோல் கோத்துவிடலாம்.

சோதிப்பது எளிது. கேபிளைக் கழற்றுங்கள், பேட்டரி இருந்தால் எடுத்துவிடுங்கள். மல்டிமீட்டரை ஒலி எழுப்பும் நிலையில் வையுங்கள். ஒரு முனை யூ.எஸ்.பி. உறையின் உலோகத்திலோ கிரவுண்ட் வயரிலோ இருக்கட்டும். மறுமுனையால் ஒவ்வொரு பட்டனின் இரண்டு பாதிகளையும் தொட்டுப் பாருங்கள். எல்லாப் பட்டன்களிலும் ஏதாவது ஒரு பாதி ஒலித்தால் நிம்மதி. போர்டைப் படம் எடுத்து, ஒலித்த பாதிகளைக் கறுப்பிலும் மற்றவற்றைச் சிவப்பிலும் குறித்துவையுங்கள். கரிப் பூச்சுக்குச் சிறிது மின்தடை உண்டு. அதன்மேல் முனையை வைத்தால் சில மீட்டர்கள் ஒலிக்காது. அப்போது ஓம் அளவில் பாருங்கள், அல்லது அந்தத் தடம் போய்ச் சேரும் செம்புப் புள்ளியைத் தேடித் தொடுங்கள்.

என் போர்டில் கிரவுண்ட் பொதுவாக இல்லை. தூக்கிப் போட்டுவிடலாமா?

அவசரம் வேண்டாம். இப்படிப்பட்ட போர்டுகளில் பட்டன்கள் வரிசையும் பத்தியுமாகக் கோக்கப்பட்டிருக்கும். கணினி விசைப்பலகையிலும் இதே உத்திதான். பட்டன்களுக்கு இது பிரச்சினையே அல்ல. ஆர்கேட் பட்டனில் இரண்டு கால்களும் வேறெதோடும் சேராமல் தனியாக இருப்பதால், பட்டனுக்கு இரண்டு வயர் என்று தனித்தனியாக இழுத்தால் போதும். கிரவுண்டை மாலை கோப்பது மட்டும் கூடாது.

சிக்கல் லீவரில். சன்வா ஜே.எல்.எஃப். போன்ற ஜப்பானிய லீவர்களில் ஐந்து முனைகள்: திசைக்கு ஒன்றாக நான்கு, பொது கிரவுண்ட் ஒன்று. லீவருக்குள்ளேயே நான்கு சுவிட்சும் ஒரு காலில் சேர்ந்துவிட்டதால், வரிசை-பத்திப் போர்டு குழம்பிப்போகும். நான்கு மைக்ரோசுவிட்சும் தனித்தனியாக நிற்கும் லீவரை வாங்கினால் ஒவ்வொன்றுக்கும் இரண்டிரண்டு வயர் இழுக்கலாம். அமெரிக்கப் பாணி லீவர்கள் பெரும்பாலும் அப்படித்தான். அந்த மைக்ரோசுவிட்சில் மூன்று கால்கள் இருந்தால், பொதுக் காலையும் அழுத்தும்போது இணையும் காலையும் மட்டும் பயன்படுத்துங்கள். மூன்றாவது காலில் மாட்டினால் லீவரைத் தொடாதபோதே திசை அழுந்தியிருக்கும்.

சால்டர் ஒட்டவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

நீங்கள் கரியின்மேல் வைக்கிறீர்கள். அந்தக் கறுப்புப் பூச்சில் சால்டர் பிடிக்காது, உருண்டு ஓடிவிடும். இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, கறுப்பைச் சுரண்டி அடியில் உள்ள செம்பைக் கண்டுபிடிப்பது. கண்ணாடியிழைப் பேனா இருந்தால் நல்லது. இல்லையென்றால் கூரிய கத்தியைப் படுக்கவைத்து, குழந்தையின் நகத்தை வெட்டும் பொறுமையோடு சுரண்டுங்கள். செம்பு தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். அந்தச் செம்பு காகிதத்தைவிட மெல்லியது.

இரண்டாவது வழி, தடத்தைப் பின்தொடர்ந்து போய் அது முடியும் சோதனைப் புள்ளியையோ துளையையோ பிடிப்பது. தொழிற்சாலையில் சோதிப்பதற்காக வைத்த வட்டமான வெள்ளிப் புள்ளிகள் பல போர்டுகளில் இருக்கும். அவை கிடைத்தால் சுரண்டவே தேவையில்லை. நான் முதலில் தேடுவது இவற்றைத்தான்.

பிறகு சால்டர் நன்றாகப் பிடிக்க உதவும் ஃபிளக்ஸ் பசையைத் தடவுங்கள். செம்பில் கொஞ்சம் சால்டர், வயர் நுனியில் கொஞ்சம் சால்டர், இரண்டையும் சேர்த்து ஒரு நொடிச் சூடு, அவ்வளவுதான். ஈயம் கலந்த 63/37 சால்டர் 183 டிகிரியில் உருகும்; ஈயமில்லாதவை பெரும்பாலும் 217 டிகிரியைத் தாண்ட வேண்டும். மெல்லிய தடத்துக்கு முன்னது கருணை காட்டும். ஆனால் ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள், முடிந்ததும் கையைக் கழுவுங்கள்.

வயர் மெல்லியதாக இருக்கட்டும். என் முதல் போர்டில் கையில் கிடைத்த தடித்த ஒற்றைக் கம்பி வயரைப் போட்டேன். எல்லாம் ஒழுங்காக ஒட்டியது. போர்டைத் திருப்பிப் பார்க்கலாம் என்று எடுத்தபோது விறைத்து நின்ற வயர் நெம்புகோல் மாதிரி வேலை செய்து, தடத்தையே தோலுரித்துக்கொண்டு வந்துவிட்டது. பல இழை கொண்ட மெல்லிய வயர் வளைந்து கொடுக்கும். ஒவ்வொரு வயரையும் ஒட்டியவுடன் மல்டிமீட்டரில் சோதித்து, அதன்மேல் ஒரு சொட்டு ஹாட் குளூ விட்டுவிடுங்கள். இழுவிசையைப் பசை தாங்கும், சால்டர் தாங்க வேண்டியதில்லை.

ட்ரிகர்களை எப்படி இணைப்பது?

ட்ரிகர் என்பது ஆள்காட்டி விரலால் இழுக்கும் பட்டன். மற்றப் பட்டன் போல் இரண்டு நிலை மட்டும் இல்லாததால் இவை தனிக்கதை. பல கன்ட்ரோலர்களில் ட்ரிகருக்குப் பின்னால் மூன்று கால் கொண்ட பொட்டென்ஷியோமீட்டர் (நகர்த்தினால் மின்தடை மாறும் பாகம்) இருக்கும். ஒரு ஓரக்கால் மின்னழுத்தத்தில், மறு ஓரக்கால் கிரவுண்டில், நடுக்கால் இரண்டுக்கும் இடையே நகரும். கேபிளைச் செருகி, கிரவுண்டுக்கும் நடுக்காலுக்கும் இடையே வோல்ட் அளவெடுங்கள்: ட்ரிகரைத் தொடாதபோது ஒரு முறை, முழுதாக இழுத்து ஒரு முறை. ஓய்வில் எந்த ஓரத்தின் பக்கம் நிற்கிறது, இழுத்தால் எந்த ஓரத்துக்குப் போகிறது என்பது தெரிந்துவிடும்.

இப்போது கேபிளைக் கழற்றிவிட்டுப் பொட்டென்ஷியோமீட்டரை அகற்றுங்கள். ஓய்வு ஓரத்துக்கும் நடுக்காலுக்கும் இடையே ஒரு 10 கிலோஓம் ரெசிஸ்டர். நடுக்காலுக்கும் மறு ஓரத்துக்கும் இடையே உங்கள் பட்டன். தொடாதபோது ரெசிஸ்டர் ஓய்வு நிலையில் பிடித்துவைக்கும், அழுத்தினால் முழு இழுப்பு. பழைய பொட்டென்ஷியோமீட்டரை அகற்றாமலே நடுக்காலில் பட்டனை மாட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சில நிலைகளில் மின்னழுத்தம் நேராகக் கிரவுண்டில் போய் இடிக்கும்.

இழுத்தால் மின்னழுத்த ஓரத்துக்குப் போகும் வகை என்றால், அந்தப் பட்டனின் மறுகால் கிரவுண்ட் அல்ல. அதைக் கிரவுண்ட் மாலையில் கோத்துவிடாதீர்கள்.

சில கன்ட்ரோலர்களில் பொட்டென்ஷியோமீட்டருக்குப் பதில் காந்த சென்சார் இருக்கும். அங்கே இந்த முறை செல்லாது. விளையாட்டின் அமைப்பில் ட்ரிகர் வேலையை வேறு பட்டனுக்கு மாற்ற முடியுமா என்று முதலில் பாருங்கள். ஆறு பட்டன் விளையாட்டு என்றால் நான்கு முகப் பட்டன்களும் இரண்டு தோள் பட்டன்களும் போதுமே.

அனலாக் ஸ்டிக்குகளைக் கழற்றிவிடலாமா?

இடம் இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். கழற்றினால் அந்த முனைகள் அந்தரத்தில் தொங்கும், உங்கள் வீரர் தானாகவே ஒரு பக்கமாக நடக்க ஆரம்பிப்பார். கழற்றியே ஆக வேண்டும் என்றால், ஒவ்வொரு அச்சிலும் மின்னழுத்த முனைக்கும் நடு முனைக்கும் இடையே ஒரு ரெசிஸ்டர், நடு முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே அதே அளவில் இன்னொன்று. 4.7 கிலோஓம் இரண்டு போதும். நடு முனை சரிபாதி மின்னழுத்தத்தில் நிற்கும், ஸ்டிக் நடுவில் இருப்பதாகப் போர்டு நினைத்துக்கொள்ளும். லீவரின் வயர்கள் போய்ச் சேர வேண்டியது அனலாக் ஸ்டிக்குக்கு அல்ல, டி-பேடுக்கு, அதாவது நான்கு திசைப் பட்டன்களுக்கு.

எந்த லீவர், எந்தப் பட்டன் வாங்குவது?

ஜப்பானியப் பாணி லீவருக்கு உருண்டைத் தலை, இலேசான ஸ்பிரிங், அடியில் அசைவுக்கு எல்லை வகுக்கும் சதுரச் சட்டம். மூலைகள் கையில் தெளிவாகத் தட்டுப்படும். சன்வா, செய்மிட்சு இரண்டும் பழைய பெயர்கள். சன்வா தளர்வாகவும் செய்மிட்சு சற்று இறுக்கமாகவும் இருக்கும். அமெரிக்கப் பாணிக்கு மட்டை போன்ற தலை, கனமான அசைவு. கொரியப் பாணியில் ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் வளையம், லீவர் சட்டென்று நடுவுக்குத் திரும்பும். டெக்கன் என்ற சண்டை விளையாட்டை ஆடுபவர்களில் பலர் அதற்கு அடிமை. எண்கோணச் சட்டம் நல்லதா, சதுரம் நல்லதா என்று சண்டை போடுபவர்களை விட்டு ஒதுங்குங்கள். ஒன்றில் பழகினால் அதுவே நல்லது.

பட்டன்களில் ஜப்பானியப் பாணிக்கு 30 மி.மீ. துளை, ஸ்டார்ட், செலக்ட்டுக்கு 24 மி.மீ. அழுத்திச் செருகும் வகை மெல்லிய தகட்டுக்கானது. தடித்த மரத்தில் அதன் கொக்கிகளுக்குப் பிடிமானம் கிடைக்காது, திருகு வளையம் உள்ள வகை வேண்டும். வயர் முனைச் செருகிகளை வாங்கும்போதும் கவனம்: ஜப்பானியப் பட்டனுக்கு 2.8 மி.மீ., அமெரிக்கப் பாணி மைக்ரோசுவிட்சுக்கு 4.8 மி.மீ. பட்டன் காலில் நேரடியாகச் சால்டர் வைக்காதீர்கள். சூட்டில் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் இளகிவிடும், பிறகு மாற்றவும் முடியாது.

வலப்பக்கம் தள்ளினால் இடப்பக்கம் போகிறதே?

வாழ்த்துகள், எல்லோரும் செய்யும் தவறைச் செய்திருக்கிறீர்கள். லீவர் நடுவில் சுழலும் கம்பி. மேல்முனையை வலப்பக்கம் தள்ளினால் கீழ்முனை இடப்பக்கம் போகும், அங்கே இருக்கும் சுவிட்சை அழுத்தும். ஆகவே இடப்பக்கச் சுவிட்ச்தான் வலத்திசை. மேலும் கீழும் அப்படியே. வயரின் நிறத்தை நம்பாமல், லீவரைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு எந்த முனை கிரவுண்டோடு ஒலிக்கிறது என்று பார்த்துக் காகிதத்தில் எழுதிவையுங்கள்.

பெட்டியை எதில் செய்வது?

பக்கங்களுக்கு எம்.டி.எஃப். அல்லது பிளைவுட், மேல்தளத்துக்கு 3 மி.மீ. அளவில் உலோகத் தகடு அல்லது அக்ரிலிக். மேல்தளமும் மரம்தான் என்றால், லீவர் வரும் இடத்தை அடியிலிருந்து குடைந்து மெலிதாக்க வேண்டும். இல்லையென்றால் கம்பி கையில் பிடிக்க முடியாத அளவுக்குக் குட்டையாகிவிடும். ஜே.எல்.எஃப். கம்பி தளத்துக்கு மேல் ஏறக்குறைய 24 மி.மீ. தெரிந்தால் சரி.

வெட்டுவதற்கு முன் அட்டையில் ஒரு மாதிரி செய்துவிடுங்கள். துளைகளை அட்டையில் வெட்டி, பட்டன்களைச் செருகி, மடியில் வைத்து அரை மணி நேரம் சும்மா விரல்களை ஆட்டிப் பாருங்கள். இணையத்தில் கிடைக்கும் வெவ்லிக்ஸ் (ஜப்பானிய ஆர்கேட் இயந்திரம் ஒன்றின் பட்டன் அமைப்பு) வரைபடம் பலருக்கும் பொருந்துகிறது, எனக்கு லீவருக்கும் பட்டனுக்கும் இடையே இன்னும் இரண்டு விரல் இடைவெளி தேவைப்பட்டது. மணிக்கட்டு ஊன்றவும் முன்பக்கம் போதிய இடம் விடுங்கள். முதல் பெட்டியில் எல்லோரும் சிக்கனம் பிடிப்பது அங்கேதான்.

அக்ரிலிக்கில் துளை போடும்போது கீழே மரக்கட்டை வைத்து இறுக்கிப் பிடித்து, வேகத்தைக் குறைத்துப் போடுங்கள். அவசரப்பட்டால் கடைசித் துளையில்தான் விரிசல் விடும். பெட்டி கனமாக இருப்பது நல்லது. அடியில் ரப்பர் கால்கள் கட்டாயம். கேபிளைப் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் ஒரு முடிச்சோ கிளிப்போ போட்டுப் பிடித்துவிடுங்கள். 24 மி.மீ. துளையில் உட்காரும் நியூட்ரிக் யூ.எஸ்.பி. சாக்கெட் போட்டால் கேபிளைக் கழற்றி மாட்டலாம்.

வயர் நீளமானால் தாமதம் கூடுமா?

கூடாது. நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் விளையாட்டில் ஒரு ஃபிரேம் 16.67 மில்லிவினாடி; பெட்டிக்குள் அரை மீட்டர் வயரில் சிக்னல் எடுக்கும் நேரம் அதோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குச் சிறியது. தாமதம் இருந்தால் அது போர்டிலோ டி.வி.யிலோ இருக்கிறது. டி.வி.யில் கேம் மோட் போட்டாயிற்றா என்று முதலில் பாருங்கள்.

ஒரு பட்டன் தானாக அழுந்தியே இருக்கிறது.

பெட்டியில் அந்தப் பட்டனின் வயரைக் கழற்றுங்கள். நின்றுவிட்டால் கோளாறு பட்டனிலோ செருகியிலோ. பக்கத்துச் செருகியின் உலோகம் உரசுகிறதா என்று பாருங்கள். நிற்கவில்லை என்றால் போர்டில் சால்டர் வழிந்து இரண்டு பாதிகளையும் இணைத்திருக்கிறது, அல்லது சுரண்டிய கரித்தூள் இடையில் கிடக்கிறது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பாதிக்கு மேல் தீர்த்துவிடும். போர்டைப் பெட்டியில் பொருத்தும்போது அடியில் உலோகத் தகடு இருந்தால் பிளாஸ்டிக் கால்களில் உயர்த்தி வையுங்கள்.

லீவரே வேண்டாம், திசைக்கும் பட்டன் வைக்கலாமா?

தாராளமாக. வயரிங் இன்னும் எளிது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: லீவரால் இடமும் வலமும் ஒரே நேரத்தில் அழுத்த முடியாது, பட்டன்களால் முடியும். கன்ட்ரோலர் போர்டு அந்த நிலைக்காக வடிவமைக்கப்பட்டதல்ல, இரண்டையும் அப்படியே விளையாட்டுக்கு அனுப்பிவிடக்கூடும். இடமும் வலமும் சேர்ந்தால் இரண்டும் இல்லை என்று ஆக்குவது போன்ற விதிகளைப் போட்டிகளில் வைக்கிறார்கள், அதைச் செய்யப் போர்டுக்கும் பட்டனுக்கும் நடுவே இன்னொரு சிறு போர்டு தேவைப்படும். லீவரில்லாப் பெட்டிதான் உங்கள் திட்டம் என்றால், கன்ட்ரோலரை விட்டுவிட்டுப் பைக்கோவுக்கே போய்விடுங்கள். அங்கே அது மென்பொருளில் ஒரு தேர்வு மட்டும்தான்.